மாறும் மழை, ஏறும் வெயில்: நம் தெருவைக் காப்பது எப்படி?

பெங்களூரில் அல்சூர் ஏரிக்கு அருகில் இருக்கிறது ஜோகுபாளையம். குறுகிய தெருக்கள். நெருக்கமான வீடுகள். தமிழ் பேசும் குடும்பங்கள் இங்கே நிறைய உண்டு. தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதும் ஒரே தெருவில் கேட்கும். வீட்டு வேலை, கட்டட வேலை, ஆட்டோ ஓட்டுவது, தள்ளுவண்டி வியாபாரம் என்று அன்றாடம் உழைத்துப் பிழைப்பவர்கள் பலர்.

இந்த ஊரைப் பற்றி முன்பு ஒரு பெருமை சொல்வார்கள். "பெங்களூரில் மின்விசிறியே வேண்டாம்" என்பார்கள். இன்று அப்படிச் சொல்ல முடியுமா?

அண்மையில் இந்த ஊரில் நடந்தவற்றைப் பாருங்கள்.

2022 செப்டம்பர் தொடக்கத்தில் ஒரே மழையில் சுமார் 13 சென்டிமீட்டர் தண்ணீர் கொட்டியது. பெல்லந்தூர், மாரத்தஹள்ளி பக்கம் சாலைகளில் படகு விட்டார்கள். டிராக்டரில் ஏறி மக்கள் வேலைக்குப் போனார்கள். பெங்களூரில் ஓர் ஆண்டுக்குச் சராசரியாகப் பெய்யும் மழை சுமார் 97 சென்டிமீட்டர். 2022இல் ஏறக்குறைய அதைப் போல் இரண்டு மடங்கு பெய்தது.

அடுத்த ஆண்டு நிலைமை தலைகீழ். 2023இல் பருவமழை பொய்த்தது. கர்நாடகத்தில் இருக்கும் 236 தாலுகாக்களில் 223 தாலுகாக்கள் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது.

2024 மார்ச் மாதம் பெங்களூரில் குடிநீர்த் தட்டுப்பாடு வந்தது. நகரத்தில் சுமார் 14,000 அரசு ஆழ்துளைக் கிணறுகள் இருந்தன. அவற்றில் ஏறக்குறைய பாதி வற்றிவிட்டன. குடிநீரில் வண்டி கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. டேங்கர் லாரித் தண்ணீருக்கு அரசே விலை நிர்ணயிக்க வேண்டி வந்தது. அந்த ஏப்ரல் மாதம் வெயில் 38 டிகிரியைத் தாண்டியது.

அதன் பிறகு 2024 ஜூன் 2ஆம் தேதி ஒரே நாளில் 11 சென்டிமீட்டர் மழை. ஜூன் மாதத்தில் ஒரு நாளில் அவ்வளவு மழை 133 ஆண்டுகளாகப் பெய்ததில்லை.

வெள்ளம், வறட்சி, வெயில், மறுபடியும் பெருமழை. எல்லாம் இரண்டே ஆண்டுக்குள். இது ஏன்? இதிலிருந்து நம்மை எப்படிக் காத்துக்கொள்வது? இவற்றைத்தான் இந்தப் பாடத்தில் பார்க்கப் போகிறோம்.

பூமிக்கு ஒரு போர்வை

பூமியைச் சுற்றிக் காற்று இருக்கிறது. அந்தக் காற்றில் கரியமில வாயு கொஞ்சம் கலந்திருக்கிறது. அது ஒரு கம்பளிப் போர்வை போல வேலை செய்கிறது. பகலில் பூமி வாங்கிய சூட்டை முழுவதும் வெளியே போகவிடாமல் கொஞ்சம் பிடித்து வைக்கிறது. இந்தப் போர்வை இல்லாவிட்டால் பூமி உறைந்துபோகும். ஆகவே போர்வை தேவைதான்.

ஆனால் போர்வை தடித்துக்கொண்டே போனால் என்ன ஆகும்? உள்ளே புழுங்கும்.

நிலக்கரி, பெட்ரோல், டீசல் ஆகியவற்றை எரிக்கும்போது கரியமில வாயு வெளிவருகிறது. ஏறக்குறைய 200 ஆண்டுகளாக உலகம் இவற்றை மேலும் மேலும் எரித்து வருகிறது. காடுகளையும் அழித்து வருகிறது. அந்தக் காலத்தில் காற்றின் பத்து லட்சம் பங்கில் கரியமில வாயு சுமார் 280 பங்கு இருந்தது. இன்று அது 420 பங்கைத் தாண்டிவிட்டது. போர்வை தடித்துவிட்டது. அளவெடுக்கத் தொடங்கிய நாள் முதல் உலகில் மிகவும் சூடான ஆண்டு 2024 என்று உலக வானிலை நிறுவனம் அறிவித்தது. இதையே பருவநிலை மாற்றம் என்கிறோம்.

இந்தச் சூட்டை உண்டாக்கியதில் பெரும் பங்கு பணக்கார நாடுகளுக்கும் வசதியாக வாழ்பவர்களுக்கும் உரியது. தகரக் கூரையின் கீழ் வாழ்பவரின் பங்கு மிகவும் குறைவு. ஆனால் சூடும் வெள்ளமும் முதலில் அவரைத்தான் தாக்குகின்றன. இந்த அநியாயத்தையும் நாம் புரிந்துகொள்ள வேண்டும்.

மழையும் அதிகம், வறட்சியும் அதிகம் – எப்படி?

"சூடு கூடினால் வறட்சிதானே வரவேண்டும்? வெள்ளம் எப்படி வருகிறது?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி.

துணி காயப்போடுவதை நினைத்துப் பாருங்கள். வெயில் நாளில் துணி சீக்கிரம் காய்கிறது. துணியில் இருந்த தண்ணீர் எங்கே போனது? ஆவியாகிக் காற்றில் கலந்தது. சூடான காற்று அதிகத் தண்ணீரைக் குடிக்கும். காற்றின் சூடு ஒரு டிகிரி கூடினால் அது சுமக்கக்கூடிய ஈரம் சுமார் 7 சதவீதம் கூடுகிறது.

இப்போது காற்றை ஒரு குடம் என்று வைத்துக்கொள்வோம். சூடு ஏற ஏறக் குடம் பெரிதாகிறது. பெரிய குடம் நிரம்ப நாளாகும். அதுவரை மண்ணில் இருக்கும் ஈரத்தை அது உறிஞ்சிக்கொண்டே இருக்கும். இது வறட்சி. குடம் கவிழும் நாளில் அதிகத் தண்ணீர் ஒரேயடியாகக் கொட்டும். இது வெள்ளம். இரண்டுக்கும் காரணம் ஒன்றே.

ஏரிகள் எங்கே போயின?

எல்லாப் பழியையும் வானத்தின் மேல் போட முடியாது. பாதி வேலையை நாம் தரையில் செய்திருக்கிறோம்.

பெங்களூர் மேட்டு நிலத்தில் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். ஊருக்குப் பக்கத்தில் பெரிய ஆறு கிடையாது. அதனால் முன்னோர்கள் பள்ளமான இடங்களில் கரை கட்டி ஏரிகளை உண்டாக்கினார்கள். ஓர் ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் கால்வாய் வழியாக அடுத்த ஏரிக்குப் போகும். அது நிரம்பினால் அதற்கடுத்த ஏரிக்குப் போகும். சங்கிலி போன்ற ஏற்பாடு இது. அந்தக் கால்வாய்களை இங்கே ராஜகாலுவே என்பார்கள். நாம் பெரிய மோரி என்கிறோம்.

ஊர் வளர்ந்தது. சம்பங்கி ஏரி இருந்த இடத்தில் இன்று கண்டீரவா விளையாட்டு அரங்கம் இருக்கிறது. தர்மாம்புதி ஏரி இருந்த இடத்தில் கெம்பே கவுடா பேருந்து நிலையம் இருக்கிறது. இப்படிப் பல ஏரிகள் மறைந்தன. பல கால்வாய்கள் குறுகின. பல இடங்களில் மண் தரை மறைந்து சிமென்ட் தரை வந்தது.

தண்ணீர் தன் பழைய வழியை மறப்பதில்லை. ஏரி இருந்த பள்ளத்தைத் தேடித்தான் வருகிறது. அங்கே இப்போது வீடு இருந்தால், வீட்டுக்குள் வருகிறது. சிமென்ட் தரையில் விழும் மழை மண்ணுக்குள் இறங்குவதும் இல்லை. ஆகவே மழைநாளில் வெள்ளம். கோடையில் நிலத்தடி நீர் இல்லை.

கால்வாயை ஆக்கிரமித்தவர்கள் என்றால் உடனே குடிசைகளைத்தான் காட்டுவார்கள். ஆனால் 2022 வெள்ளத்திற்குப் பிறகு அதிகாரிகள் அளந்து பார்த்தபோது, பெரிய குடியிருப்புகளும் வணிகக் கட்டடங்களும் கால்வாய் நிலத்தில் நிற்பது தெரிந்தது. ஏழை, பணக்காரர் என்ற பேதம் தண்ணீரின் வழியை அடைப்பதில் இல்லை.

அல்சூர் ஏரி பிழைத்து நிற்கிறது. அதன் பரப்பு 100 ஏக்கருக்கும் மேல். ஆனால் 2016 மார்ச் மாதம் அந்த ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. கழிவுநீர் கலந்தால் தண்ணீரில் இருக்கும் உயிர்க்காற்று குறையும். தண்ணீர் சூடானாலும் அது குறையும். இரண்டும் சேர்ந்தால் மீன் மூச்சுவிட முடியாது. ஏரி கெட்டால் நமக்கும் கேடுதான் என்பதை அந்த மீன்கள் காட்டின.

இங்கே விழும் மழை எங்கே போகிறது?

இதைத் தெரிந்துகொண்டால் வியப்பாக இருக்கும். அல்சூர்ப் பக்கத்தில் விழும் மழை கோரமங்கலா–சல்லகட்டா பள்ளத்தாக்கு வழியாகப் பெல்லந்தூர் ஏரிக்குப் போகிறது. அங்கிருந்து வர்த்தூர் ஏரி. பிறகு தட்சிண பினாகினி ஆறு. அந்த ஆற்றுக்குத் தமிழ்நாட்டில் தென்பெண்ணை என்று பெயர். ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளி அணை, கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை எல்லாவற்றையும் தாண்டி, கடலூர் அருகே அது கடலில் சேர்கிறது.

நம்மில் பலருக்குச் சொந்த ஊர் கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலைப் பக்கம். நாம் இங்கே மோரியில் போடும் பிளாஸ்டிக்கும், சாக்கடையில் விடும் அழுக்கும் நம் சொந்தக்காரர்களின் வயலுக்குப் போகும் ஆற்றில்தான் கலக்கின்றன.

அந்த ஊர்களுக்கும் ஆபத்து வந்தது. 2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. கடலிலிருந்து வெகு தூரம் தள்ளி இருக்கும் ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கனஅடிக்கு மேல் தண்ணீர் திறந்துவிட வேண்டி வந்தது. தென்பெண்ணைக் கரையில் இருந்த ஊர்கள் மூழ்கின. திருவண்ணாமலையில் மண் சரிந்து 7 பேர் இறந்தார்கள். "புயல் என்பது கடற்கரைக்காரர்களின் கவலை" என்று இனி சொல்ல முடியாது.

ஒடிசா கற்றுத் தந்த பாடம்

இயற்கை சீறினால் மனிதனால் என்ன செய்ய முடியும்? நிறையச் செய்ய முடியும். ஒடிசா மாநிலம் அதற்குச் சாட்சி.

1999 அக்டோபரில் ஒடிசாவை ஒரு பெரும் புயல் தாக்கியது. சுமார் 10,000 பேர் இறந்தார்கள். அதன் பிறகு அந்த மாநிலம் விழித்துக்கொண்டது. கடற்கரையில் உயரமான பாதுகாப்பு இல்லங்கள் கட்டினார்கள். எச்சரிக்கை ஒவ்வொரு கிராமத்துக்கும் போக வழி செய்தார்கள். யார் யாரை அழைத்துப் போக வேண்டும் என்று ஊர்தோறும் பயிற்சி கொடுத்தார்கள்.

2013 அக்டோபரில் பைலின் என்ற மற்றொரு கடும் புயல் வந்தது. சுமார் 10 லட்சம் மக்களை முன்கூட்டியே பாதுகாப்பான இடங்களுக்குக் கொண்டுபோனார்கள். இறந்தவர்கள் 50 பேருக்கும் குறைவு.

புயலின் பலம் குறையவில்லை. மக்களின் தயார்நிலை கூடியது. அதற்கு மூன்று விஷயங்கள் காரணம். முன்னெச்சரிக்கை வந்தது. போவதற்கு ஓர் இடம் இருந்தது. கதவைத் தட்டி அழைக்க ஒரு மனிதர் இருந்தார். இந்த மூன்றும் ஒரு தெருவுக்கும் பொருந்தும்.

எச்சரிக்கையைப் படிக்கக் கற்போம்

இந்திய வானிலைத் துறை நான்கு நிறங்களில் எச்சரிக்கை தருகிறது. தொலைக்காட்சியிலும் செல்பேசியிலும் இது வரும்.

பச்சை: ஆபத்து இல்லை.
மஞ்சள்: கவனமாக இருங்கள்.
ஆரஞ்சு: தயாராக இருங்கள்.
சிவப்பு: உடனே செயல்படுங்கள்.

ஒரு நாளில் 6.5 சென்டிமீட்டர் அளவுக்கு மழை பெய்தால் அது கனமழை. 11.5 சென்டிமீட்டரைத் தாண்டினால் மிகக் கனமழை. 20 சென்டிமீட்டருக்கு மேல் போனால் அதி கனமழை.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். ஒரு நாள் முழுக்கத் தூறலாகப் பெய்யும் 6 சென்டிமீட்டரை மோரி தாங்கும். அதே 6 சென்டிமீட்டர் ஒரு மணி நேரத்தில் கொட்டினால் தாங்காது. பெங்களூரின் மாலை நேர இடிமழை பெரும்பாலும் இரண்டாவது வகை. ஆகவே வானம் கறுத்த பிறகு யோசிக்க நேரம் இருக்காது. யோசனை முன்பே முடிந்திருக்க வேண்டும்.

தெருவுக்கு ஒரு திட்டம்

மழைக்காலம் வருமுன், மே மாதத்திலேயே, தெருக்காரர்கள் ஒரு நாள் உட்கார்ந்து பேசுங்கள். சுயஉதவிக் குழுவில் பேசலாம். கோயில் திண்ணையிலும் பேசலாம். ஒரு பெரிய தாளில் தெருவை வரையுங்கள். பிறகு இந்தக் கேள்விகளுக்கு விடை எழுதுங்கள்.

1. முதலில் தண்ணீர் புகும் வீடுகள் எவை? தரை தாழ்ந்த வீடுகளுக்கு அடையாளம் போடுங்கள்.

2. தானாக நடந்து வர முடியாதவர்கள் யார்? படுக்கையில் இருக்கும் தாத்தா, பாட்டி, நிறைமாதக் கர்ப்பிணி, கைக்குழந்தை, மாற்றுத்திறனாளி ஆகியோரை எழுதுங்கள். ஒவ்வொருவர் பேருக்கும் எதிரே, அவரை அழைத்து வரும் இருவரின் பேரை எழுதுங்கள். ஏன் இருவர்? ஒருவர் வேலைக்குப் போயிருந்தால் இன்னொருவர் இருப்பார்.

3. மேடான, உறுதியான கட்டடம் எது? பள்ளியா, கோயிலா, தேவாலயமா, மசூதியா? அதன் சாவி யாரிடம் இருக்கிறது?

4. ஒவ்வொரு வீட்டிலும் மின்சார மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது? அதை அணைக்க வீட்டில் எல்லாருக்கும் தெரியுமா?

5. மோரி எங்கே அடைத்துக்கொள்கிறது?

இந்தத் தாளை எல்லாரும் பார்க்கும் இடத்தில் ஒட்டுங்கள். வாடகைக்குப் புதிதாக வந்தவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் என்ன மொழி பேசினாலும் சரி. தண்ணீர் மொழி பார்த்து வருவதில்லை.

வெள்ளத்தில் உயிரைப் பறிப்பவை

நகர வெள்ளத்தில் ஆழம் மட்டும் ஆபத்து இல்லை. மின்சாரம் அதைவிடப் பெரிய ஆபத்து. 2025 மே மாதம் பெங்களூரில் பலத்த மழை பெய்தது. பி.டி.எம். லேஅவுட்டில் ஒரு குடியிருப்பின் கீழ்த்தளத்தில் தேங்கிய தண்ணீரை மோட்டார் வைத்து வெளியேற்றும்போது மின்சாரம் பாய்ந்தது. ஒரு முதியவரும் 12 வயதுச் சிறுவனும் இறந்தார்கள்.

ஆகவே:

தண்ணீர் வாசல்படியைத் தொடும்போதே மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். தண்ணீரில் நின்றுகொண்டு சுவிட்சைத் தொடாதீர்கள்.

தெருவில் தண்ணீர் நிற்கும்போது மின்கம்பம், மின்பெட்டி, தெருவிளக்குக் கம்பம் எதையும் தொடாதீர்கள். குழந்தைகளை அந்தத் தண்ணீரில் விளையாட விடாதீர்கள். அறுந்து கிடக்கும் கம்பியைக் கண்டால் யாரையும் அருகே விடாமல் 1912 எண்ணுக்குச் சொல்லுங்கள்.

ஓடும் தண்ணீரில் இறங்காதீர்கள். முழங்கால் அளவு வேகமான தண்ணீர் பெரியவரையும் தள்ளிவிடும். மோரியின் மூடி திறந்து கிடப்பது மேலே தெரியாது.

சுரங்கப் பாதையில் தண்ணீர் நின்றால் வண்டியை உள்ளே விடாதீர்கள். 2023 மே மாதம் கே.ஆர். சர்க்கிள் சுரங்கப் பாதையில் கார் மூழ்கி ஓர் இளம் பெண் இறந்தார். சுற்றிப் போனால் அரை மணி நேரம் அதிகமாகும். அவ்வளவுதான்.

ரேஷன் அட்டை, ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம், பட்டா, பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ் ஆகியவற்றை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கட்டி, பரண்மேல் வையுங்கள். தினமும் சாப்பிடும் மாத்திரையையும் அதனுடன் வையுங்கள்.

வெயிலும் ஒரு பேரிடர்தான்

வெள்ளம் கண்ணுக்குத் தெரியும். வெயில் சத்தமில்லாமல் கொல்லும். 2010 மே மாதம் அகமதாபாத் நகரில் கடும் வெயில் அடித்தது. அந்த மாதம் வழக்கமாக இறப்பவர்களைவிட 1,300க்கும் மேற்பட்டோர் கூடுதலாக இறந்தார்கள். அதன் பிறகு அந்த நகரம் 2013இல் ஒரு வெயில் தடுப்புத் திட்டம் கொண்டுவந்தது. வெயில் ஏறப்போகிறது என்று முன்கூட்டியே அறிவித்தார்கள். தண்ணீர்ப் பந்தல் வைத்தார்கள். மருத்துவமனைகளைத் தயார் செய்தார்கள். பிறகு பல ஊர்கள் அதைப் பின்பற்றின.

தகரக் கூரையும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் வெயிலை வாங்கி வீட்டுக்குள் இறக்குகின்றன. கூரையின் மேல் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் வெயில் திரும்பிப் போகும். வீட்டுக்குள் சூடு சில டிகிரி குறையும். செலவு குறைவு. பலன் அதிகம்.

கட்டட வேலை செய்பவர்களும் தள்ளுவண்டிக்காரர்களும் தாகம் எடுக்கும் வரை காத்திருக்கக் கூடாது. அடிக்கடி தண்ணீர் குடிக்க வேண்டும். மோர், ராகிக் கூழ் நல்லது. கடினமான வேலையைக் காலை வேளைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பெண்கள் பலர் கழிப்பறை இல்லாததால் வேலையிடத்தில் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். இது சிறுநீரகத்தைக் கெடுக்கும். வேலையிடத்தில் கழிப்பறை கேட்பது உங்கள் உரிமை.

நீர் இழப்புக்கு வீட்டிலேயே மருந்து செய்யலாம். ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீர், தலை தட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும்.

உடல் நெருப்பாகக் கொதித்து, பேச்சு குழறி, நினைவு தடுமாறினால் அது வெயில் பக்கவாதம். உடனே நிழலில் படுக்க வையுங்கள். ஈரத் துணியால் உடலை நனைத்து விசிறுங்கள். மயங்கியவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். 108 எண்ணுக்கு ஆம்புலன்ஸ் சொல்லுங்கள்.

கூரையில் விழும் குடங்கள்

பெங்களூருக்குக் காவிரித் தண்ணீர் சுமார் 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து வருகிறது. சுமார் 500 மீட்டர் உயரம் ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். 2024 அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கியது. அதனால் நகரின் வெளிப்பகுதிகளில் இருக்கும் 110 கிராமங்களுக்கு வழி பிறந்தது. ஆனால் காவிரியும் மழையை நம்பியே இருக்கிறது.

நம் கூரையில் விழும் மழையைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். 10 அடிக்கு 20 அடி கூரை என்றால் சுமார் 18 சதுர மீட்டர். 5 சென்டிமீட்டர், அதாவது 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் 60 குடம்!

30 அடிக்கு 40 அடி மனையை எடுத்துக்கொள்வோம். 2024 ஜூன் 2ஆம் தேதி நகரில் பதிவான மழைப்படி, அந்த மனையின் மேல் மட்டும் சுமார் 12,000 லிட்டர் விழுந்திருக்கும். அது ஒரு பெரிய டேங்கர் லாரித் தண்ணீர். மூன்று மாதம் முன்பு அதே தண்ணீருக்கு மக்கள் காசு கொடுத்துக் காத்திருந்தார்கள். ஜூன் மாதம் அது மோரியில் ஓடியது.

கூரைத் தண்ணீரைக் குழாய் வைத்து டிரம்மிலோ சம்ப்பிலோ பிடிக்கலாம். முதல் பத்து நிமிட மழையில் தூசி இருக்கும். அதை வெளியே விட்டுவிடுங்கள். பிறகு வரும் தண்ணீரைத் துணியால் வடிகட்டிப் பிடியுங்கள். துவைக்க, கழுவ அது உதவும். காய்ச்சாமல் குடிக்காதீர்கள். தமிழ்நாட்டில் 2003இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். பெங்களூரிலும் 2009இல் குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட மனைகளுக்குக் கட்டாயமாக்கினார்கள். நீங்கள் வாடகை வீட்டில் இருந்தால் வீட்டுக்காரரிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

நெருக்கமான தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் இடம் இருக்காது. பள்ளி மைதானத்திலோ பூங்காவிலோ எல்லாருக்கும் பொதுவாக ஒரு நீர் ஊட்டுக் கிணறு தோண்டலாம். மழைநீர் அதில் இறங்கி நிலத்தடியில் சேரும். பெங்களூரில் மண்ணு வட்டர் என்னும் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கிணறு தோண்டுபவர்கள். இப்படிப்பட்ட கிணறுகளால் அவர்களுக்கு மீண்டும் வேலை கிடைத்து வருகிறது.

சேமித்த தண்ணீரும் டெங்குக் கொசுவும்

தண்ணீர்த் தட்டுப்பாடு வந்தால் டிரம்மில் பிடித்து வைக்கிறோம். அங்கேதான் டெங்குக் கொசு முட்டை இடுகிறது. இந்தக் கொசு சாக்கடையை விட நல்ல தண்ணீரை விரும்பும். பகலில் கடிக்கும். முட்டை கொசுவாக மாற ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். 2024இல் கர்நாடக அரசு டெங்குவைக் கொள்ளை நோய் என்று அறிவிக்கும் நிலை வந்தது.

டிரம்மை இறுக மூடுங்கள், அல்லது துணி போட்டுக் கட்டுங்கள். வாரம் ஒரு நாள் காலி செய்து, உள்பக்கம் தேய்த்துக் கழுவிக் காயவையுங்கள். வெறுமனே தண்ணீரைக் கொட்டினால் பக்கத்தில் ஒட்டிய முட்டை அப்படியே இருக்கும். தேய்ப்பது முக்கியம். தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், பூந்தொட்டித் தட்டு எதிலும் தண்ணீர் நிற்க விடாதீர்கள்.

கேட்டுப் பெறுவோம்

நாம் செய்ய வேண்டியது ஒரு பங்கு. அரசு செய்ய வேண்டியது பெரும் பங்கு. மோரியைத் தூர் வாருவது மாநகராட்சியின் கடமை. 2025 செப்டம்பரில் பெங்களூர் மாநகராட்சி ஐந்தாகப் பிரிக்கப்பட்டது. அவற்றுக்கு மேலே கிரேட்டர் பெங்களூர் ஆணையம் அமைந்தது. அலுவலகப் பெயர் மாறலாம். கடமை மாறாது.

தூர் வாரிய மண்ணை மோரிக் கரையிலேயே குவித்துவிட்டுப் போவதைப் பார்த்திருப்பீர்கள். அடுத்த மழையில் அந்த மண் மறுபடியும் மோரிக்குள் போகும். செலவான பணமும் அதோடு போகும். மண்ணை ஏற்றிச் செல்லும் வரை விடாமல் கேளுங்கள்.

வாயால் சொல்வதைவிட எழுதிக் கொடுப்பது மேல். இப்படி எழுதலாம்:

அனுப்புநர்: ........ தெரு மக்கள், ஜோகுபாளையம்.
பெறுநர்: வார்டு பொறியாளர் அவர்கள்.
ஐயா,
எங்கள் தெருவில் வீட்டு எண் .... முதல் .... வரை மோரி அடைத்திருக்கிறது. மழை பெய்தால் .... வீடுகளில் தண்ணீர் புகுகிறது. பருவமழைக்கு முன் தூர் வாரி, மண்ணை அகற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.
தேதி: ........
இப்படிக்கு: (எல்லாருடைய கையெழுத்து)

அலுவலகத்தில் கன்னடத்தில் கொடுப்பது நல்லது. பள்ளியில் கன்னடம் படிக்கும் உங்கள் பிள்ளையே எழுதித் தருவான். இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றில் தேதியும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. 10 ரூபாய் கட்டணம். வறுமைக் கோட்டுக்குக் கீழ் இருப்பவர்களுக்குக் கட்டணம் இல்லை. "இந்த மோரியை எப்போது தூர் வாரினீர்கள்? எவ்வளவு செலவு?" என்று கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

எழுத்துக் கற்றதன் பயன் இதுதான். எச்சரிக்கையைப் படிக்கலாம். பட்டியல் எழுதலாம். மனுவில் கைநாட்டுக்குப் பதில் கையெழுத்துப் போடலாம். ஒரு தெருவே கையெழுத்துப் போட்ட மனுவை யாரும் எளிதில் ஒதுக்க முடியாது.

சுவரில் எழுதி வையுங்கள்

அவசர உதவி: 112
ஆம்புலன்ஸ்: 108
தீயணைப்பு: 101
மாநகராட்சி: 1533
குடிநீர் வாரியம்: 1916
மின்சாரம்: 1912

பேசிப் பார்ப்போம்

1. சூடு கூடினால் வறட்சியும் வெள்ளமும் இரண்டும் வருவது ஏன்? குடத்தை வைத்து விளக்குங்கள்.
2. உங்கள் தெருவில் பெரியவர்களிடம் கேளுங்கள்: அந்தக் காலத்தில் மழைத் தண்ணீர் எந்த வழியாக ஓடியது? இன்று அந்த வழியில் என்ன இருக்கிறது?
3. ஒடிசாவில் 1999இலும் 2013இலும் புயல் வந்தது. இறப்பு குறைந்தது எப்படி?
4. உங்கள் வீட்டுக் கூரையை அளந்து, 5 சென்டிமீட்டர் மழைக்கு எத்தனை குடம் தண்ணீர் கிடைக்கும் என்று கணக்கிடுங்கள்.
5. இன்று இரவு பெருமழை வந்தால் நீங்கள் யார் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும்? அந்தப் பேரை இப்போதே எழுதுங்கள்.